ஆசீர்வாதத்துக்குப் பிறகு விலை ஏறிய படகு

ஏப்ரல் 11, சனி

சிரோக்கோ காற்று. சகாராவின் அரைவாசி எங்கள் பல்கனியில். மனுசி ஸ்டெல்லா காயப்போட்ட வெள்ளை விரிப்பு காவியாகிவிட்டது. யாராவது சந்நியாசம் போவதென்றால் துணி தயார்.

இத்தால் சகலருக்கும் (அதாவது எனக்கு) அறியத் தருவது: இன்று தொடக்கம் இந்தக் கொப்பியில் எழுதப்படுவது ஒருவரும் நம்பாத கதை. மன்னார்த் தீவின் மைந்தன், சிசிலியில் போர்கோ வெக்கியோச் சந்தைத் தெருவின் முடிசூடா மீனரசன், முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டில் தரை துடைக்கும் மாமன்னன் சவரிமுத்து சொந்தப் படகில் போய், கோயில் கதவளவு கொடுவா ஒன்றைப் பிடித்த கதை. இன்னும் பிடிக்கவில்லை. படகும் இல்லை. கதை மட்டும் ரெடி.

கொடுவா என்றால் இந்த ஊரில் ஸ்பிகோலா. எங்கள் ஊர்க் கொடுவாவின் ஒன்றுவிட்ட தம்பி. மெலிவு, ஆனால் திமிர் கூட.

எல்லாத்துக்கும் காரணம் மரியான். ஸ்டெல்லாவின் தம்பி, என் மச்சான். மனைவி ரெஜினா, ஒரு மகளோடு பக்கத்துத் தெரு. ஞாயிறு பூசை முடிந்தால் இரண்டு பேரும் துறைமுகத்து அலைதடுப்புக் கல்லில். கல்யாணவீடு, செத்தவீடு தவிர இது தவறியதில்லை. இனி இவனை ம. என்று எழுதுவேன். மை விக்கிற விலை.

இன்று வேலை முடிந்து கல்லுக்குப் போனோம். கண்ணுக்குள்ளும் மண். தூண்டிலை எறிந்துவிட்டு ம. சொன்னான்:

"அத்தான், ரெஜினாவின்ரை தமையன் திரும்பவும் போன் எடுத்தவர். ஜெர்மனியிலை பார்சல் கொம்பனியிலை இடம் இருக்காம். பள்ளிக்கூடம் முடிய குடும்பமா வரச் சொல்லுறார்."

"அங்கை கடல் இருக்கோ?"

"வேலை இருக்கு."

"நான் கடலைக் கேட்டனான்."

"கடலிலை நிண்டு என்னத்தைப் பிடிச்சுக் கிழிச்சம்? போன மாசம் ஒரு சப்பாத்து."

உண்மை. இடதுகால். ஆனால் தோல் சப்பாத்து.

என் வாய் என்னைக் கேளாமல் திறந்தது. "கல்லிலை நிண்டால் சப்பாத்துத்தான். வள்ளம் வாங்குவமடா. பாதி பாதி. அந்தோனியார் திருநாளுக்கு முதல் தண்ணியிலை இறக்குவம். இறக்கினால் நீ போகப்படாது."

சிரித்தான். "இறக்கினால் போகேல்லை, அத்தான்." கை தந்தான். உப்புக் கை.

திருநாள் ஜூன் 13.

ஏப்ரல் 14, செவ்வாய்

காற்று நின்றது. வேலை முடிந்து ம.வும் நானும் பஸ்ஸில் அரெனெல்லா. அங்கே சாரோ என்பவனின் படகு முற்றம்.

கண்டேன் அவளை. ஃபைபர் உடம்பு. முன்னுக்கு நின்று எறியத் தட்டையான மேடை. கொடுவா பிடிக்கவென்றே அளவெடுத்துச் செய்தது. கரை விளிம்பில் மரக்கட்டைகளுக்கு மேலே நிற்கிறாள், மூக்கு கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டு. ஒருவன் பலமாகத் தும்மினால் தண்ணீரில்.

பெயின்ற் உரிந்திருக்கிறது. கிளியோபாட்ரா இதில்தான் சிசிலிக்கு வந்திருக்கவேண்டும்.

"எஞ்சின்?" என்றேன்.

"அது வேறை காசு," என்றான் சாரோ.

"துடுப்பு?"

"வேறை."

"அடியிலை ஓட்டை ஒண்டு தெரியுது. அதுக்கு மூடி?"

குனிந்து ஓட்டையைப் பார்த்தான். "சவேரியோ, உன்ரை முகத்துக்காக மூடியைத் தாறன்." (இத்தாலியன் வாயில் நான் சவேரியோ.)

வெறும் உடம்புக்கு மூவாயிரத்தைந்நூறு யூரோ. போன வருசம் இதே மாதிரி ஒன்றை இரண்டாயிரத்துக்குக் கொடுத்தானாம். ஏன் கூடினது என்று கேட்டேன். கையை வானத்துக்குக் காட்டினான். கடவுளா, விமானமா, தெரியவில்லை.

ம. படகின் வயிற்றைத் தட்டிப் பார்த்தான். காதை வைத்துக் கேட்டான். "நல்ல சத்தம் அத்தான்." அவன் முகம் அப்படி இருந்து நான் கண்டு கனகாலம்.

வாங்குகிறோம். கிட்னி இரண்டு இருக்கிறது.

ஏப்ரல் 16, வியாழன்

மழைத் தூறல். தூண்டில் கடை. தேவையானவை:

மிதவை அங்கி, ஆபத்துக்குக் கொளுத்தும் வெளிச்சம். சட்டம். தப்பேலாது.

சோனார். தண்ணிக்குக் கீழே மீன் எங்கே நிற்குது என்று காட்டும் டிவி. அறுநூறு. மீன் எங்களைப் பார்க்க எவ்வளவென்று கேட்டேன். கடைக்காரப் பெடியன் சிரிக்கவில்லை.

முன்மோட்டர், கறண்டில் ஓடுறது. பொத்தானை அமத்தினால் காற்றடித்தாலும் நீரோட்டம் இழுத்தாலும் படகு நின்ற இடத்தை விட்டு அசையாதாம். சற்லைற் பார்த்துக்கொள்ளுமாம். படகின் அரைவாசி விலை! மச்சான்மாருக்குப் பூட்ட இப்படி ஒன்று இருந்தால் கடன்பட்டாவது வாங்குவேன்.

அதுக்குப் பற்றரி. பற்றரிக்குச் சார்ஜர். சார்ஜருக்குப் பெட்டி. பெட்டிக்குப் பூட்டு.

பெடியன்: "இப்பவே எடுங்கோ. அடுத்த மாசம் புது விலை." அடுத்த மாசம் பழைய விலை என்று எந்தக் கடையிலாவது சொன்னதுண்டா?

பூட்டு மட்டும் வாங்கினேன். தொடக்கம் தொடக்கம்தானே.

ஏப்ரல் 19, ஞாயிறு

தமிழ்ப் பூசை. மன்னாரிலிருந்து பாதிரியார் ஒருவர், எங்கள் சுவாமி, வந்திருக்கிறார். எங்கள் பங்கில் முந்தி இருந்தவர். புதன்கிழமை திரும்புகிறார்.

மூளையில் மின்னல். எங்கள் பக்கத்தில் ஆசீர்வாதம் இல்லாமல் ஒரு வள்ளமும் கடல் தொடாது. கடலை அறிந்த எங்கள் சுவாமியே தீர்த்தம் தெளித்தால்? இங்கத்தைய பாதிரியார் நல்ல மனுசன், ஆனால் மீனைச் சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் கண்டவர்.

ஸ்டெல்லா: "வாங்காத வள்ளத்துக்கு ஆசீர்வாதமோ? விசரே உங்களுக்கு?"

"வாங்கப்போறம்தானே. பிள்ளை பிறக்க முதல் சட்டை தைக்கிறேல்லையோ?"

"பெண் பார்க்க முதல் தைக்கிறேல்லை."

ம.வுக்குச் சொண்டுக்குள் சிரிப்பு.

சாரோவிடம் போனில்: சின்னச் செபம், நாலைந்து பேர்.

ஏப்ரல் 21, செவ்வாய்

நல்ல வெயில். நாலைந்து பேர் என்றேன். அறுநூறு பேர் வந்தார்கள். சரி, அறுபது. பட்டுச்சேலைகள் படகுகளுக்கு நடுவில் மயில்கள் மாதிரி. மெழுகுதிரி, மாலை, ரெஜினாவின் மீன் றோல்ஸ் ஒரு பெட்டி, ஒரு அண்டா கடலை. சீசா என்ற பகுதியிலிருந்து இரண்டு குடும்பம் ஹார்மோனியத்தோடு பஸ்ஸில்.

ம.வின் மகள் ஷாரன் (வாய் பெரிது, எனக்குப் பிறகு அவள்தான்) படகின் மூக்கில் டேப் ஒட்டி, மார்க்கரால் "அந்தோனியார்" என்று எழுதினாள். தமிழிலும் இத்தாலியனிலும்.

சுவாமி கேட்டார்: "உரிமையாளர் ஆர்?"

நான் ஒரு அடி முன்னே. ம.வை இழுத்தேன். இரண்டு தலையிலும் ஒரே தீர்த்தம். குளிர்ந்தது. ம. கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

நானே மேடையேறி அறிவித்தேன்: ஊர் வழக்கப்படி இந்த வள்ளத்தின் முதல் மீன் அந்தோனியாருக்கு! திருநாளன்று கோயில் முற்றத்தில் ஏலம்! கைதட்டு. எட்னா எரிமலை திடுக்கிட்டிருக்கும்.

சாரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். றோல்ஸ் மூன்று. கண்ணீர் விட்டான் என்று நினைத்தேன். மிளகாய்.

ஏப்ரல் 22, புதன்

முற்பணத்தோடு போனேன்.

சாரோ: "நாலாயிரத்து இருநூறு."

"போன கிழமை மூவாயிரத்தைந்நூறு!"

"போன கிழமை அது ஒரு ஓடு. இப்ப சாந்த் அந்தோனியோ ஏறியிருக்கிறார். சவேரியோ, நான் முப்பது வருசமாப் படகு விக்கிறன். வாங்கமுதல் கோயிலையே கூட்டிக்கொண்டு வந்தவனை இப்பத்தான் காணுறன். அறுபது பேர் சாப்பிட்டாச்சு. நீ வாங்காமல் எங்கை போகப்போறாய்?"

பேச்சில் வென்றுவிட்டான். என்னை! பக்கத்து ஊர் டெர்மினியிலிருந்து ஒரு ஆள் ரொக்கத்தோடு நிற்கிறானாம். இது பச்சைப் புளுகு. எனக்குப் புளுகு தெரியும்.

விமானநிலையத்தில் நின்ற சுவாமிக்குப் போன்.

"சுவாமி, குடுத்த ஆசீர்வாதத்தைக் கொஞ்சம் திருப்பி எடுக்கேலுமோ? விலை பேசி முடியுமட்டும்."

"சவரி, உது என்ன வங்கிக் காசே? வைச்சிரு. தேவைப்படும்."

ம.வுக்குச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணி. "அத்தான், உலகத்திலை உங்களுக்கு மட்டும்தான் இது நடக்கும்." எனக்கும் சிரிப்பு. சிரித்து முடிய அவன் போனில் தேதி பார்த்தான். அது நல்ல மாதிரி இல்லை.

மே 2, சனி

வெப்பம். சிஞ்ஞோரா கேட்டா: "சவேரியோ, ஏன் என் தரையை இப்படிச் செத்தவன் மாதிரித் துடைக்கிறாய்?" படகுக் கதை சொன்னேன். "என் புருசனின் படகு என் காப்புகளைத் தின்றது. ஒவ்வொன்றாக. கடைசியில் கலியாண மோதிரத்தையும் முகர்ந்து பார்த்தது." சொல்லிவிட்டுக் கோப்பி தந்தா. சம்பளம் கூட்டவில்லை.

பழைய எஞ்சின் ஒன்று பார்த்தோம். பேழையிலிருந்து நோவா கழற்றி வைத்தது. அதுவும் போன மாதத்தை விடக் கூட. திருத்தக் கூலி தனி.

ம. தன் பாதியை ஏப்ரலிலேயே தந்துவிட்டான். அப்போது அது பாதி. இப்போது எஞ்சினையும் சேர்த்தால் கால்வாசி. அவன் காசு கவரில் அசையாமல் இருக்கிறது, வள்ளம் தூரத் தூரப் போகிறது.

போர்கோ வெக்கியோ சந்தையில் வளர்ப்பு ஸ்பிகோலா. ஐஸில் வரிசையாக, எல்லாம் ஒரே முகம். நாங்கள் பிடிக்கப்போகும் முதல் மீனின் விலைக்கு இந்தச் சந்தையையே வாங்கலாம், மீன்காரனையும் சேர்த்து. ம. அந்த மீனையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான் கணக்குப் பாக்கேல்லை அத்தான்," என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

மே 9, சனி

புது அடி. படகு வாங்கினாலும் கட்ட இடம் வேண்டும். துறைமுகத்தில் இடம் கேட்டேன். காத்திருப்போர் வரிசையில் என் பேரப்பிள்ளையின் பேரனுக்கு வாய்ப்பாம். தனியார் இடத்தின் வருச வாடகை எங்கள் வீட்டு வாடகைக்கு அக்கா. படகில் குடியிருந்து வீட்டைக் கடலில் கட்டினால் மலிவு.

சாரோ: மே முடிந்த பிறகு முற்றத்தில் நிற்க நாள்கூலி வேணுமாம். படகு இன்னும் அவனுடையது! ஆனால் டேப்பில் எங்கள் அந்தோனியார். "உன் புனிதர் என் இடத்தை அடைக்கிறார்."

ஸ்டெல்லா காப்பைக் கழற்றி மேசையில் வைத்தா.

"இதை அடகு வையுங்கோ."

"சிஞ்ஞோரா சொன்ன கதையை உனக்குச் சொன்னனான்தானே. போடு கையிலை."

போட்டா. பிறகு மெதுவாக: "அவனைக் கட்டிவைக்கவோ வள்ளம் வாங்குறீங்கள்? கயிறு வள்ளத்தைக் கட்டத்தான் காணும்."

"உன்ரை தம்பியடி."

"அதாலைதான் சொல்லுறன்."

இரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. ஆறிப்போனது.

மே 24, ஞாயிறு

பூசை முடிந்து ம. வீடு. றால் பொரியல். நல்ல உறைப்பு. கதவுக்குப் பின்னால் மட்டைப்பெட்டிகள், மடித்தபடி. பார்க்காத மாதிரி இருந்தேன். நான் பார்க்காத மாதிரி இருந்தால் ஊர் முழுக்கத் தெரியும்.

ஷாரன்: "மாமா, பப்பா போனிலை டொய்ச் படிக்கிறார். பாத்ரூமிலை இருந்து. அலோரா, எல்லாருக்கும் கேக்குது." (அலோரா என்றால் அப்ப.)

ரெஜினா அவளை முறைத்தா.

"நல்லம்," என்றேன். "ஜெர்மன் மீனோடை கதைக்கலாம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. எங்கள் சனத்துக்குள் இது முதல்தடவை. குறித்துக்கொள்கிறேன்.

இன்று கல்லுக்குப் போகவில்லை. அவனுக்குத் தலையிடி. எனக்கும்.

ஜூன் 7, ஞாயிறு

கடல் கண்ணாடி. ஒரு மீனும் இல்லை. தூண்டில் மடிக்கும்போது சொன்னான்.

"ரிக்கற் எடுத்திட்டன், அத்தான். இருபதாம் தேதி."

"இன்னும் திருநாள் வரேல்லை."

"ஓம்."

"வள்ளம் இறக்கினால் போகேல்லை எண்டனீ."

"இறக்கேல்லைத்தானே." பிறகு: "இறங்கவேணுமெண்டு நானும் நேர்ந்தனான். மெழுகுதிரி வைச்சனான். பிள்ளையின்ரை படிப்பு, ரெஜினாவின்ரை இடுப்பு... இஞ்சை வீடு துடைச்சே எங்கடை முழங்கால் முடியுது. வள்ளம் வந்திருந்தால் எனக்கொரு சாட்டு இருந்திருக்கும்."

சாட்டு. போகாமல் நிற்க அவனும் ஒரு சாக்கைத்தான் தேடியிருக்கிறான்.

நான் அழுததில் துறைமுகத்தில் தண்ணீர் ஒரு அடி ஏறியது, இரண்டு கப்பல் கயிறு அறுத்துக்கொண்டு போனது என்று எழுத ஆசை. அழவில்லை. "நைலோன் நூலைச் சிக்காமல் சுத்து" என்று ஏசினேன்.

கவரைத் திருப்பிக் கொடுத்தேன். அங்கே வீட்டு முற்பணத்துக்கு உதவும். எண்ணிப் பார்க்காமல் பொக்கற்றில் வைத்தான்.

ஜூன் 12, வெள்ளி

இரண்டு பேரும் அரைநாள் லீவு. அரெனெல்லா. வாங்கவில்லை என்று சொல்லவும், அந்தோனியாரைக் கழற்றிக்கொண்டு வரவும். தூண்டிலும் கொண்டுபோனோம். ஏன் என்று தெரியாது. பழக்கம்.

சாரோ ஏசவில்லை. எங்கள் தூண்டிலைப் பார்த்தான். பிறகு ஏணியைக் கொண்டுவந்து சாத்தினான். "ஏறி இருங்கோ. இருக்கிறதுக்குக் காசில்லை."

ஏறினோம். முன்மேடை. அவன் வலது பக்கம், நான் இடது. கீழே கட்டை, மூக்குக்குக் கீழே கடல். சோனார் இல்லை. மோட்டர் இல்லை. சற்லைற் இல்லாமலே படகு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.

"எங்கை போவம், கப்டன்?" என்றான் ம.

"மன்னாருக்கு. சுவாமியிட்டை விலைக்கழிவு கேக்கவேணும்."

எறிந்தோம். பிறகு ம. திரும்ப எறிந்தான். றப்பர் மீன்குஞ்சு கல்லோரம் விழுந்தது. இரண்டு சுற்று. தடி வளைந்தது.

"சப்பாத்து," என்றேன்.

"இல்லை அத்தான். இது உயிர்!"

வந்தது. வெள்ளி. கொடுவா. தண்ணி தொடாத வள்ளத்தில், கட்டைக்கு மேலே, கொடுவா! சாரோ கீழே நின்று "மதோன்னா!" என்று கத்தினான். பக்கத்துப் படகைச் சுரண்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிலுவை போட்டார்கள்.

அளந்தேன். என் கையில் ஒரு சாணும் வரவில்லை. குஞ்சு. சட்டப்படி விடவேணும். கொளுக்கியைக் கழற்றினேன். ம. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குனிந்து விட்டான். போய்விட்டது.

போட்டோ எடுக்க இருவருக்கும் நினைவு வரவில்லை.

டேப்பை உரிக்கப் போனேன். சாரோ கையைப் பிடித்தான். "அது இருக்கட்டும்."

ஜூன் 13, சனி. அந்தோனியார்

அனல் வெயில். சுற்றுப்பிரகாரம், பிறகு முற்றத்தில் ஏலம். பூசணிக்காய், கேக், கோழி ஒன்று (உயிரோடு, அல்பெர்கேரியாப் பகுதிக் குடும்பம் ஒன்று கொண்டுவந்தது, கேட்கவில்லை எப்படி என்று). பிறகு எல்லாரும் என்னைப் பார்க்கினம். முதல் மீன் எங்கே?

பின்னுக்கு ஒரு குரல்: "சவரியண்ணை, மீன் இன்னும் கடையிலை சார்ஜ் ஏறுதோ?"

சிரிப்பு. மேடைக்குப் போனேன். வெறுங்கை. சந்தையில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். யோசித்தேன், மறைக்கவில்லை. கோயில் முற்றம். கால் வரவில்லை.

"மகாசனங்களே! ஒரு கொடுவா! அரெனெல்லாக் கடலில் உயிரோடு நிக்குது. முதலை அளவு. மச்சான் பிடிச்சது, வளரட்டும் எண்டு விட்டிருக்கிறம். எடுக்கிறவர் தானே போய்ப் பிடிக்கவேணும். விலை ஒரு யூரோ!"

"எந்த வள்ளத்திலை பிடிச்சனீங்கள்?"

"கட்டையிலை நிண்ட வள்ளத்திலை."

அறுநூறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். (அறுநூறு. திருநாளன்று கணக்குக் குறைக்கமாட்டேன்.) சிரிப்பு முடியும்வரைக்கும் நின்றேன். வேறென்ன செய்ய.

"அம்பது யூரோ."

ம. கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். சிரிக்கவில்லை.

"ஒருதரம்," என்றேன். "இரண்டு தரம்."

வேறு ஒருவரும் கேட்கவில்லை.

"மூண்டு தரம். மீன் மரியானுக்கு. இஞ்சை நிக்குது. எப்ப வந்தாலும் எடுக்கலாம்."

அந்தக் கவரிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தான். ஸ்டெல்லா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தா. வெக்கையாம்.

ஜூன் 20, சனி

வெயில். பொலித்தேயாமா நாடகமன்றத்துக்குப் பக்கத்து நிறுத்தத்தில் விமானநிலைய பஸ். பெட்டி ஏழு. ரெஜினா நாற்பது நாள் தவக்காலம் முடித்த ஆள் மாதிரிக் களைத்துப்போய். ஷாரன் என்னைக் கட்டிப்பிடித்தாள்: "மாமா, வீடியோவிலை புளுகுங்கோ. ப்ரொமெஸ்ஸோ?" ப்ரொமெஸ்ஸோ.

ம. ஏறமுதல்: "என்ரை மீனைப் பாத்துக்கொள்ளுங்கோ, அத்தான்."

"வாடகை வரும்."

பஸ் போய்விட்டது. ஸ்டெல்லாவும் நானும் நடந்தே வந்தோம். சந்தையில் ஒன்றும் வாங்கவில்லை.

பின்னேரம் அரெனெல்லா. மரக்கட்டைகள் மட்டும். டெர்மினிக்காரன் கொண்டுபோய்விட்டான். அப்படி ஒருவன் இருந்திருக்கிறான்! டேப்போடேயே கொண்டுபோனானாம்.

இந்தக் கொப்பியில் எழுதினது: முதலை புளுகு. அறுநூறு புளுகு. கிளியோபாட்ரா, தெரியாது. வெறும் கட்டையில் நின்று பிடித்த, ஒரு சாணும் வராத குஞ்சு மட்டும் உண்மை.